பால் திரையாத தேத்தண்ணி

கண்ணடிக்கரை, முசலி
2024 தை 14

அன்புத் தம்பி ஜுனைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் ஷப்னாவும் ஆடுகள் நாலும் சுகமாக இருக்கிறோம். உன்னுடைய சீனி வருத்தம் எந்த மட்டில் இருக்கிறது, காது இன்னும் எவ்வளவு மந்தமாகிவிட்டது என்று எழுது. போன கிழமை நான் தொலைபேசியில் கத்திய கத்தலில் பக்கத்து வளவு முனவ்வர் வீட்டார் எல்லோருக்கும் நம் செய்தி விளங்கிவிட்டது, உனக்கு மட்டும் விளங்கவில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் முதலில் உன் மருமகள் வாசிக்கிறாள், பிறகு பேரப்பிள்ளைகள், கடைசியாகத்தான் நீ. ஆகவே இனி வீட்டு விஷயமெல்லாம் தபாலில்தான்.

நம் நல்லதண்ணிக் கண் பெரிய ஆளாகிவிட்டது. கடல் வற்றும்போது நம் வளவின் அடியில் பாறைக் குழிக்குள்ளிருந்து ஊற்றாகக் கொப்பளிக்கிற அந்தத் தண்ணியை யாரோ ஒரு கண்டிப் பெடியன் படம் பிடித்துத் தொலைபேசி வரைபடத்தில் போட்டுவிட்டான். போன ஞாயிறு மட்டும் முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒரு பக்கம் நேவி முகாமின் கம்பி வேலி, மற்றப் பக்கம் காடு. நம் படலையைத் திறக்காமல் எவரும் கண்ணுக்குப் போக முடியாது. நான் படலையைச் சாத்துவதே இல்லை.

வாப்பாவின் சட்டமும் அப்படியே இருக்கிறது. கண்ணைப் பார்த்தவர் அந்தத் தண்ணியில் போட்ட பால் தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது. கடலுக்குள் நல்லதண்ணியா என்று இளிக்கிறவனும் தேத்தண்ணியைப் பார்த்ததும் வாயை மூடுகிறான். உப்பு இருந்தால் பால் திரைந்துவிடுமே. ஒரு ஜெர்மன்காரன் மூன்று கிளாஸ் குடித்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, தம்பி. வீட்டில் கிளாஸ் போதாது. புத்தளத்தில் இரண்டு டசின் வாங்கி பஸ்ஸில் அனுப்பு.

பிள்ளைகளுக்கு என் சலாம்.

உன் ராத்தா,
ஸுஹறா


புத்தளம்
2024 தை 29

கண்ணியமிக்க ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். சீனி ஏறியிறங்கிக்கொண்டிருக்கிறது. காது வலப்பக்கம் முழுதும் போய்விட்டது, இடப்பக்கம் பாங்கு சொன்னால் கேட்கும். நீங்கள் முழங்கால் வலியைப் பற்றி எழுதாததால் அது கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணின் புகழைக் கேட்டு எனக்கும் பெருமைதான். பள்ளியில் நாலு பேருக்குச் சொன்னேன். கிளாஸ் இரண்டு டசினும் சிலாவத்துறை பஸ்ஸில் வருகிறது, கொண்டக்டரிடம் வாங்குங்கள்.

ஆனால் ராத்தா, முப்பத்தொரு பேருக்கு நீங்கள் ஒருவராக நின்று தேத்தண்ணி ஊற்றுவது நடக்கிற காரியமா? மகன் அஸ்மி கற்பிட்டி ஹோட்டலில் வேலை செய்தவன், இந்த உல்லாசப் பயணிகளின் போக்கு அவனுக்குத் தெரியும். படலையில் ஒருவனை இருத்தி, ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கட் போடலாம் என்கிறான். டிக்கட் வாங்கியவன் பார்ப்பான், போவான், தேத்தண்ணி கேட்கமாட்டான். எனக்கும் அதுதான் நல்லதாகப் படுகிறது. வளவு நம் இரண்டு பேருடைய பெயரிலும் இருக்கிறது. யோசித்து எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஜுனைதீன்


கண்ணடிக்கரை
2024 மாசி 9

தம்பிக்கு,

ஸலாம். கிளாஸ் கிடைத்தது. இரண்டு உடைந்திருந்தன, மற்றவை நல்ல வடிவு. நாங்கள் சுகம். முழங்கால் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டிக்கட்டோ? நான் என்ன சர்க்கஸா நடத்துகிறேன்? தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு விரட்டியபோது ஒரு உடுப்புப் பையோடு இந்தப் படலையைத் தாண்டிப் போனோம். இருபத்தொரு வருசம் புத்தளத்தில் அடுத்தவன் குழாயடியில் வாளி வைத்துக்கொண்டு நின்றோம். எந்த நேரம் திறப்பான், எவ்வளவு விடுவான் என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, கண் மட்டும் அதே இடத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் சொன்னேன், இந்தத் தண்ணிக்கு எவனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று.

வாப்பா ஒரு நாளும் ஒருவரிடமும் சதம் வாங்கியதில்லை. தேத்தண்ணி விஷயத்தில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. முருங்கன் கனகரத்தினத்தார் இன்றைக்கும் வருசா வருசம் அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு வந்து குடித்துவிட்டு, "கண்ணுத் தண்ணியெண்டால் கண்ணுத் தண்ணிதான்" என்று சொல்லிப்போகிறார். அவரிடமும் டிக்கட் கேட்பானா உன் மகன்?

நான் யோசித்துவிட்டேன். முடிவு இதுதான்.

ஸுஹறா


புத்தளம்
2024 சித்திரை 18

ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்திருக்கும். நோன்போடு நோன்பாக உங்கள் கோபமும் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். குழாயடியை நானும் மறக்கவில்லை. அந்த வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்றவன் நான்.

அஸ்மி அவசரக்காரன், என்னைக் கேட்காமல் பலகை அடித்துவிட்டான். மூன்றடிக்கு நாலடி, நல்ல தகரம், பச்சை எழுத்து, கீழே டிக்கட் விலை. லொறியில் அனுப்பிவிட்டான். கட்டாயம் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சும்மா வையுங்கள்.

வாப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் இப்போது ஒன்றும் எழுதவில்லை.

பிள்ளைகள் சலாம் சொல்கிறார்கள். ஷப்னாவுக்குப் பள்ளிக்கூட இடமாற்றம் வந்ததா?

ஜுனைதீன்


கண்ணடிக்கரை
2024 வைகாசி 6

தம்பிக்கு,

ஸலாம். சுகம். ஷப்னா இங்கேயே படிப்பிக்கிறாள், இடமாற்றம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பலகை வந்தது. ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், ஆடுகள் முதுகு சொறிய உதவுகிறது.

உனக்குச் சிரிப்பு வரும், கேள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சுகாதாரம் பார்க்கிற பீ.எச்.ஐ. தம்பி ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் கடதாசிக் கோவை. "அம்மா, தேத்தண்ணிக்கடை லைசன்ஸைக் காட்டுங்கோ" என்றார். எந்தக் கடை என்று கேட்டேன். தொலைபேசியைத் திறந்து காட்டினார். அதில் நம் வேப்பமரம், அதனடியில் ஆட்கள் இருக்கிற மர வாங்கு, உன் கிளாஸ்கள் எல்லாம் படமாக இருக்கின்றன. மேலே "நல்லதண்ணிக் கண் தேநீர் நிலையம்" என்று போட்டு நாலரை நட்சத்திரம். ஒருவர் மட்டும் சீனி கூட என்று அரை நட்சத்திரம் குறைத்திருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியும். இரண்டாம் கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்த ஆள்.

"தம்பி, இது வீடு. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி குடுக்க உங்கட வீட்டில லைசன்ஸ் எடுத்தவங்களோ?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். நாள் ஒன்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டார். எண்ணுவதில்லை என்றேன். பிறகு வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பரிசோதிக்கக் கண்ணின் தண்ணியைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து வந்து, "அம்மா, தண்ணி சுத்தம், கோவையை மூடிட்டன், ஒரு கிளாஸ் போடுங்கோ" என்றார். அரசாங்கக் கந்தோரே சொல்லிவிட்டது. இனி நீயும் உன் மகனும் வாயைத் திறக்கக்கூடாது.

உன் ராத்தா


புத்தளம்
2024 வைகாசி 22

ராத்தாவுக்கு,

ஸலாம். பீ.எச்.ஐ. கதையைப் பள்ளியில் சொன்னேன், தொழுவிக்கிற ஹஸ்ரத்தும் சிரித்தார். எனக்கும் பெருமை. பொய் சொல்லவில்லை.

இருந்தாலும் வறட்டுக் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. இந்த வருசம் வெயில் கொடுமை என்கிறார்கள். தண்ணியைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அஸ்மி அங்கே வருவான். டிக்கட் பேச்சு எடுக்கமாட்டான், நான் சத்தியம் வாங்கிவிட்டேன். மாமியைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும்.

ஜுனைதீன்


கண்ணடிக்கரை
2024 ஆடி 11

தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உன் கடிதத்துக்குப் பதில் பிந்திவிட்டது. வேலை கூட.

படலையின் கீல் பழுது. அதனால் சில நாளாகப் பூட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். அஸ்மியை இப்போது அனுப்ப வேண்டாம், வெயில் சரியில்லை.

ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மருந்தை ஒழுங்காகக் குடி.

ஸுஹறா


புத்தளம்
2024 ஆவணி 3

ராத்தாவுக்கு,

ஸலாம். என் சுகம் கிடக்கட்டும்.

உங்கள் கடிதம் பிந்தித்தான் வந்தது, அதற்கு முன்னரே அஸ்மி புறப்பட்டுவிட்டான். நேற்று வந்து சொன்னதைக் கேட்டுப் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன். மாமி படலைக்கு வெளியே வந்து கதிரை போட்டார்களாம். கண்ணுக்குப் போகவேண்டாம், பாசி வழுக்கும் என்றார்களாம். சிலாவத்துறைக் கடையில் வாங்கிய ஒரேஞ்ச் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்களாம். படலையின் கீலைப் பார்த்தானாம், ஒரு பழுதும் இல்லையாம். அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான், மாமி மொடர்ன் ஆகிவிட்டார் என்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஜெர்மன்காரனுக்கு மூன்று கிளாஸ் ஊற்றியவர் நீங்கள். லைசன்ஸ் கேட்டு வந்தவனையும் இருத்திக் குடிக்க வைத்தவர். என் மகனுக்குச் சோடா கொடுத்தீர்கள் என்றால் ஒன்றில் என் மேல் கோபம், இல்லாவிட்டால் பால் திரைந்திருக்கிறது. கோபம் என்றால் எட்டுப் பக்கம் எழுதியிருப்பீர்கள். நீங்கள் எட்டு வரி எழுதினீர்கள்.

ராத்தா, கண் உப்பாகிவிட்டதா?

ஜுனைதீன்


கண்ணடிக்கரை
2024 ஆவணி 16

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். உனக்குக் காது போனதற்குப் பதிலாக வேறு ஏதோ கிடைத்திருக்கிறது.

ஓம். உப்பு.

ஆனி பதினெட்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள். மாத்தளையில் இருந்து பதினாலு பேர் வந்திருந்தார்கள். பெரிய கேத்திலில் தேத்தண்ணியைக் கொதிக்க வைத்துப் பாலை ஊற்றினேன். அப்படியே கட்டி கட்டியாகத் திரைந்தது. பால் பழசு என்று நினைத்து முனவ்வர் வீட்டில் அப்போதுதான் கறந்த பாலை வாங்கி ஊற்றினேன். அதுவும் திரைந்தது. வந்தவர்களுக்கு அடுப்பு அணைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். முனவ்வர் கண்ணில் இறங்கி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "மேல எல்லாம் குழாய்க்கிணறு அடிச்சு இழுக்கிறாங்க ராத்தா, மழையும் இல்ல, மாரி வந்தா மாறும்" என்றார். மாரிக்கு இன்னும் எத்தனை மாதம்?

அடுத்த நாள் நான் செய்ததைக் கேள். வீட்டுக்குக் குடிக்கத் தாங்கி லொறியில் வருகிற பவுசர் தண்ணியில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எட்டுப் பேர். ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸை நீட்டினேன், அவ்வளவுதான். ஒரு பிள்ளை குடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். கம்பளையில் அவளுடைய தாய் படுக்கையில் இருக்கிறாராம், கண்ணின் தண்ணி ஒரு போத்தல் தரச்சொல்லிக் கேட்டாள். நான் பானையில் இருந்து பவுசர் தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன், தம்பி. இரண்டு கையாலும் வாங்கி, சால்வைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள்.

அன்றைக்கே படலையைப் பூட்டினேன். திறந்தால் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டும் என் வாயில் வரவில்லை. வாப்பா கட்டிக்காத்த பெயரை நான் ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். நாற்பது பேர், ஐம்பது பேர் வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் உள்ளே இருக்கிறேன்.

ஷப்னாவுக்கும் முனவ்வருக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மருமகளுக்குச் சொல்லாதே.

உன் ராத்தா,
ஸுஹறா


புத்தளம்
2024 ஆவணி 27

என் அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வருசம் வாய்க்குள் வைத்திருந்த விஷயம். வாப்பாவிடம் சத்தியம் செய்தவன். அவருக்காக துஆ கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு நீங்கள் கலியாணம் முடித்து எருக்கலம்பிட்டியில் இருந்தீர்கள். எனக்குப் பதினெட்டு. அந்த வருசமும் மழை இல்லை. அந்த வருசமும் கண் உப்பானது. நாலு மாதம்.

வாப்பா படலையைப் பூட்டவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் நான் மாட்டுவண்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு முருங்கனுக்குப் போவேன். திரும்பும்போது வண்டியில் வைக்கோல். வைக்கோலுக்குக் கீழே மூன்று பீப்பாய் தண்ணி, கனகரத்தினத்தாரின் வயற்கிணற்றில் அள்ளியது. அப்போது அவருடைய தகப்பன் இருந்தார். அவர்தான் தண்ணி தந்தவர். கனகரத்தினத்தாரும் நானும்தான் பீப்பாயைத் தூக்கி வண்டியில் வைப்போம். அந்தத் தண்ணியில் உம்மா தேத்தண்ணி போட்டார். வாப்பா வந்தவர்கள் எல்லோருக்கும் கிளாஸை நீட்டி, "பாருங்க, பால் திரையல்ல" என்றார். எல்லோரும் ஸுப்ஹானல்லாஹ் என்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

வாப்பா கெட்டவர் இல்லை. உங்களுக்கு எந்தச் சொல் வாயில் வரவில்லையோ அதே சொல்தான் அவருக்கும் வரவில்லை. ஆனால் நீங்கள் ஒரு நாள் செய்தீர்கள், அதுவே தாங்காமல் படலையைப் பூட்டினீர்கள். அவர் நாலு மாதம் செய்தார்.

நான் டிக்கட் டிக்கட் என்று உங்களைக் கரைச்சல்படுத்தியது காசுக்கு என்று நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். டிக்கட் என்றால் யாரும் தேத்தண்ணி கேட்கமாட்டார்கள். கண் ஒரு நாள் மறுபடி உப்பாகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் கேத்திலும் கையுமாகத் தனியே நிற்கக்கூடாது என்றுதான்.

இனி உங்கள் விருப்பம். திறப்பதோ பூட்டுவதோ, நீங்கள் எதைச் செய்தாலும் என் பாதி வளவும் உங்கள் பக்கம்.

உங்கள் தம்பி,
ஜுனைதீன்


கண்ணடிக்கரை
2024 ஐப்பசி 2

என் ஜுனைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் ஒரு மாதம் பிந்திவிட்டது. முதல் கிழமை உன் மேல் கோபம். இரண்டாம் கிழமை வாப்பாவின் மேல். மூன்றாம் கிழமை ஆட்களோடு பேசாமல் ஆடுகளோடு பேசிக்கொண்டு திரிந்தேன். நாலாம் கிழமை முருங்கன் பஸ்ஸில் ஏறினேன்.

கனகரத்தினத்தார் முற்றத்தில் நெல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். எழுபத்துமூன்று வயது, நூல் கோக்கக் கண்ணாடி தேவையில்லை. அவருடைய மனைவி பூமணி அக்கா கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே, "எண்பத்திரண்டில எங்கட வாப்பா உங்கட கிணத்துத் தண்ணி எடுத்தவரோ?" என்று கேட்டேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "ஜுனைதீன் சொல்லிப்போட்டானோ?" என்றார்.

"ஓம்."

"நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல தங்கச்சி. அப்பா சாகிற வரைக்கும் சொல்லேல்ல. என்ர பிள்ளைகளுக்கே தெரியாது" என்றார். பூமணி அக்கா உள்ளே இருந்து, "எனக்கும் கலியாணம் முடிச்சுப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் சொன்னவர்" என்றார்.

பிறகுதான் தம்பி, அவர் மற்றதைச் சொன்னார். அந்த நாலு மாதத்துக்குள் ஒரு நாள் கனகரத்தினத்தார் முருங்கனில் இருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நம் கண்ணைப் பார்க்க வந்திருக்கிறார். வாப்பா கிளாஸை நீட்டியிருக்கிறார். தான் தூக்கி ஏற்றிய பீப்பாய்த் தண்ணி, தன்னுடைய வயற்கிணற்றுத் தண்ணி. அதைக் குடித்துவிட்டு எல்லோருக்கும் முன்னால், "கண்ணுத் தண்ணியெண்டால் கண்ணுத் தண்ணிதான், முருங்கனில இப்பிடித் தண்ணி கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொன்ன சொல்லைத்தான் இன்றைக்கும் வருசா வருசம் வந்து சொல்கிறார்.

"ஏன் அண்ணன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்கட வாப்பான்ர முகத்தைப் பாத்தன். வேற என்ன சொல்ல?" என்றார்.

நான் அந்த முற்றத்தில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை. நம் வீட்டின் பெருமையை இன்னொரு வீடு நாற்பத்திரண்டு வருசம் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறது. நாம் புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்திலும் காத்திருக்கிறது. அதைவிட நமக்கு என்ன பெருமை வேண்டும்?

பிறகு கதிரையில் இருந்தேன். அவர்களின் தேத்தண்ணியைக் குடித்தேன். "அண்ணன், எனக்கும் தண்ணி வேணும். ஆனா வைக்கோலுக்குக் கீழ வேண்டாம். பகல்ல, ட்ராக்டர்ல, எல்லாரும் பாக்கக் கொண்டு வரவேணும்" என்றேன். அவர் ஓம் என்றார்.

சனிக்கிழமை அவரே ட்ராக்டரில் ஏறி வந்தார். பின்னால் பெரிய தண்ணித் தாங்கி. ஊர் முழுக்கப் பார்த்தது. முனவ்வர் படலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மகன் அனுப்பிய பலகையைக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கழுவினேன். டிக்கட் விலை போட்ட பக்கத்தை உட்பக்கம் திருப்பிவிட்டு, பின்பக்கத்தில் ஷப்னா நான் சொல்லச் சொல்ல எழுதினாள்:

"நல்லதண்ணிக் கண். இப்போது உப்பு. மழை பெய்தால் மாறும். வந்து பாருங்கள், படலை திறந்திருக்கிறது. தேத்தண்ணி உண்டு. தண்ணி தந்தவர் முருங்கன் கனகரத்தினம். காசு இல்லை. இப்படிக்கு, ஸெய்னுலாப்தீன் மகள் ஸுஹறா."

அதைப் படலையில் கட்டினேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஞாயிறு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். இப்போது நான் இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஒன்றில் கண்ணின் தண்ணி, மற்றதில் கனகரத்தினத்தாரின் தண்ணி. இரண்டு தண்ணியிலும் சூடாகத் தேத்தண்ணி போட்டுப் பால் விட்டுக் காட்டுகிறேன். ஒன்று திரைகிறது, மற்றது இல்லை. எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறார்கள். குழாய்க்கிணற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் முனவ்வர் ஒரு மணித்தியாலம் விளக்கம் கொடுக்கிறார். அவரை நிறுத்த முடியவில்லை.

கம்பளைப் பிள்ளையையும் தேடிப் பிடித்தோம். அந்த நட்சத்திரம் போடுகிற இடத்தில் அவள் எழுதியிருந்தாள், ஷப்னா தொடர்புகொண்டாள். போத்தலில் நான் கொடுத்தது பவுசர் தண்ணி என்று என் வாயாலேயே சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பவும் ஒரு தரம் சொல்லச்சொன்னாள். பிறகு, "உம்மா குடிச்சிட்டு நல்லா இருக்கு எண்டாங்க மாமி. மழைக்குப் பிறகு வாறன், உண்மையானதைத் தாங்க" என்றாள். தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வாப்பா செய்தது வாப்பாவோடு. அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும். நான் அவருக்கு மகள்தான், ஆனால் நான் ஸுஹறா.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நாங்கள் திரும்பி வந்து பதின்மூன்று வருசம். நீ ஒரு தரமும் இந்தப் படலைக்குள் வரவில்லை. சீனி, காது, பஸ் என்று ஒவ்வொரு காரணம் எழுதினாய். இப்போது எனக்குக் காரணம் விளங்குகிறது. பீப்பாய் ஏற்றியவனுக்கு இந்த வீட்டில் கிளாஸைக் கையில் வாங்குவது லேசான காரியம் இல்லை. இனி லேசு.

உன் ராத்தா


புத்தளம்
2024 ஐப்பசி 19

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சீனி இறங்கியிருக்கிறது. காது அப்படியே.

உங்கள் கடிதத்தை இந்தத் தரம் ஒளித்து வைக்கவில்லை. வீட்டில் எல்லோரையும் இருத்தி நானே சத்தமாக வாசித்தேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது, தெருவில் போனவர்களும் நின்று கேட்டார்களாம். கனகரத்தினத்தாரின் இடம் வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை, மீதியை அஸ்மி வாசித்தான். முடித்துவிட்டு, "வாப்பா, அந்தப் பலகை நான் அடிச்சது" என்றான். பின்பக்கத்துக்காக இவ்வளவு பெருமைப்பட்டவனை நான் கண்டதில்லை.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இங்கே நேற்று நல்ல மழை. அங்கேயும் பெய்திருக்கும். கண் மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும் பலகையில் கை வைக்க வேண்டாம், நான் வரும் வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். கனகரத்தினத்தாருக்கும் ஆள் அனுப்புங்கள், அவரும் வரட்டும். நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடி வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றுங்கள். எந்தத் தண்ணி என்று சொல்லக்கூடாது. காதுதான் போனது, நாக்கு இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணியை நாலு மாதம் வண்டியில் ஏற்றியவன் நான், குடித்துப் பார்த்து நானே சொல்கிறேன். கனகரத்தினத்தார் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. அவர் எதைக் குடித்தாலும் கண்ணுத் தண்ணி என்றுதான் சொல்வார்.

சீனி போட வேண்டாம்.

உங்கள் தம்பி,
ஜுனைதீன்